கடைசிக்கு முந்தி ஒண்ணு

என் மாப்பிள்ளைக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. படகுத்துறைக்கு எதிரே தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம் அது. உள்ளே கால் வைத்தாலே கண்ணில் நீர் வருகிற மாதிரி ஒரு மருந்து நெடி. தரையோடு தரையாகப் பெரிய தொட்டி, தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதற்குள் வரிசை வரிசையாக நல்ல தண்ணீர் ஊற்றின டின்கள். உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் தண்ணீராகவே இருக்கும். டின்னுக்குள் இருப்பது மட்டும் பாறையாகிவிடும். அதைக் கொக்கி போட்டுத் தூக்கி, பக்கத்துத் தொட்டியில் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால், கட்டி தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பொறுமை இல்லாதவன் சுத்தியலால் தட்டுவான், கட்டி நடுவில் வெடித்துப்போகும். மாப்பிள்ளை தட்டி நான் பார்த்ததில்லை. முக்குவார், நிற்பார், அது வருகிறபோது வரும்.

ஊரில் அவருக்குப் பெயர் 'ஐஸ்'. ஊருக்கே ஐஸ் கொடுக்கிறவர், ஆனால் ஒருத்தருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது என்று என் மகள் சொல்வாள். முதலாளியிடம்கூட இரண்டு வார்த்தை இனிப்பாகப் பேச வராது. இன்னொரு பெயரும் உண்டு. அதை அவர் காதுபட யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். 'வீட்டோட மாப்பிள்ளை.' அவருக்கு அப்பா அம்மா இல்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு நானும் மகளும் தனியாக இருந்தோம். நான்தான் கல்யாணத்துக்கு முன்பே கறாராகச் சொன்னேன், இங்கேயே வந்து இருந்துவிடுங்கள் என்று. வந்தார். இன்றைக்கு வரைக்கும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதற்கு வருகிறேன்.

என் மகள் நர்ஸ். டவுனில், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. முன்பெல்லாம் ரயிலில் போய் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். கடலை ஒட்டி வந்து, கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டி, எங்கள் ஊர் வளைவில் நின்று, அதற்கு அடுத்த நிறுத்தத்தோடு முடிந்துபோகிற சின்ன லைன் அது. காலையில் ஏறினால் டீ ஆறுவதற்குள் டவுன் என்று சொல்வோம். ஒரு மழைக்கு வெள்ளம் வந்து பாலத்தின் தூண் ஒன்று சாய்ந்தது. 'தற்காலிகமாக' வண்டியை நிறுத்தினார்கள். அந்தத் தற்காலிகத்தில் என் பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு, உள்ளே உள்ள ஊரையெல்லாம் குசலம் விசாரித்துக்கொண்டு போகும். பாதி நாள் அதிலேயே போய்விடும். அதனால் மகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தாள். ஒரு கட்டில், கொசுவலை, சின்ன குக்கர், ஒரு பச்சை வாளி. லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வருவாள். பிள்ளையை நானும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டோம். விடியும் முன்னே ஐஸ் வாங்கப் படகுக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதனால் அவர் அதற்கு முன்பே எழுந்து போவார். வெயில் ஏறும்போது வந்து, விறைத்த கையை அடுப்புப் பக்கத்தில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பிள்ளையின் தலையைத் தொடுவார்.

ஒரு லீவு நாளில் மகள் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை ஓடிப்போய் அலமாரியில் மேல்தட்டில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, துடைத்து, அதில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்த டம்ளர் விருந்தாளிக்கு எடுப்பது. வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர்தான். மகள் டம்ளரைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் சொன்னாள், ஆஸ்பத்திரியில் குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்கு குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம், இரண்டு அறை, குழாய்த் தண்ணீர். பள்ளிக்கூடம் மறுபடி திறக்கிறதற்குள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

"அங்க ஐஸ் ஃபேக்டரி இல்லையே" என்றார் மாப்பிள்ளை.

"வேற வேலை பாத்துக்கலாங்க."

"வீட்டோட மாப்பிள்ளைன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். இனிமே குவார்ட்டர்ஸ் மாப்பிள்ளைம்பாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்கு அந்தத் தொட்டியையும் கொக்கியையும் விட்டால் வேறு தொழில் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆக, பிள்ளைக்கு அம்மா வேண்டுமென்றால் அவருக்குத் தொழில் போகும். தொழில் வேண்டுமென்றால் பிள்ளை இன்னும் கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தட்டில் வைத்து பிஸ்கட்டும் நீட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் பாலத்தைச் சரிபண்ணிவிட்டார்கள், வண்டி மறுபடி ஓடப்போகிறது என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை மகளுக்கு போன் பண்ணி, "குவார்ட்டர்ஸுக்குக் கையெழுத்துப் போடாதே, கொஞ்சம் பொறு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் இப்படிப் பொறு என்று சொன்னதில்லை. அவரல்லவா பொறுக்கிறவர்.

எங்கள் வளைவில் ஸ்டேஷன் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மேடை, ஒரு தகரப் பந்தல், ஒரு பலகை. மேடையில் இத்தனை வருஷம் வலை காயப்போட்டிருந்தார்கள். துணி துவைக்கிறவர் கயிறு கட்டியிருந்தார். அவ்வளவையும் எடுத்துவிட்டு, ஆளாளுக்குக் கூட்டிக் கழுவினோம். மாப்பிள்ளை ஃபேக்டரியிலிருந்து குழாய் இழுத்துக் கழுவினார். முதல் வண்டி வருகிற நாளில் ஊரே மேடையில் நின்றது. பேத்திக்கு இரட்டைப் பின்னல் போட்டு, கழுத்தெல்லாம் பவுடர் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் அந்த வண்டியில்தான் வருகிறாள்.

வண்டி வந்தது. வளைவு என்பதால் மெதுவாகத்தான் வந்தது. முதல் பெட்டி எங்களைத் தாண்டியது. இரண்டாவது பெட்டி தாண்டியது. எல்லோரும் சிரித்த முகமாகவே நின்றோம், எங்கேயோ நிற்கப்போகிறது என்று. மூன்றாவது பெட்டி ஜன்னலில் என் மகள். வெள்ளை யூனிஃபார்மோடு எழுந்து நின்று, வாசலுக்குப் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். அப்புறம் அந்தக் கை அப்படியே நின்றுபோனது. வண்டி நிற்கவில்லை. ஊதிக்கொண்டே போய்விட்டது.

"அம்மா எங்க போறாங்க?" என்று பேத்தி கேட்டாள். அப்பளம் மாதிரி நொறுங்கிய முகத்தோடு கூட்டம் கலைந்தது. முடிவெட்டுகிறவர் மட்டும், "வண்டிக்கு நம்மள அடையாளம் தெரியல போல. அத்தனை பேரும் குளிச்சிட்டு வந்திருக்கோம்ல" என்றார்.

மகள் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து, மீன் ஏற்றி வந்த வண்டி ஒன்றை நிறுத்தி ஏறி வந்தாள். வெள்ளைப் புடவையில் மீன் செதில். வந்ததும் வராததுமாக மாப்பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"டிக்கெட் வாங்கும்போது அந்த ஆள் ஒண்ணும் சொல்லலையா, இங்க நிக்காதுன்னு?"

"நான் எங்க இந்த ஊருக்குக் கேட்டேன்? எப்பவும் போல 'கடைசிக்கு ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டேன்."

அப்போது எங்களில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை ஃபேக்டரியில் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் சுற்றிப் போய் ரயில்வே ஆபீசில் உட்கார்ந்தார். அங்கே ஒரு மேடம். நல்ல மாதிரியான பெண்மணி என்றார். உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரில் தேடி, அவர் பக்கமே திருப்பிக் காட்டினாராம். அந்த லைனில் வண்டி ஓடிய கடைசி வருஷம் பூராவும் எங்கள் நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினவர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிட்டார்கள். ஏறினவர்கள் ஒருத்தரும் இல்லை. ஆள் இறங்காத இடத்தில் வண்டியை நிறுத்தி எடுத்தால் டீசலும் நேரமும் வீண், அதனால்தான் விட்டுவிட்டோம் என்று சொன்னாராம். "தினமும் ஒரு மேடை ஜனம் இறங்குவாங்க மேடம்" என்று இவர் சொல்ல, "அப்ப அவங்க டிக்கெட் எங்க?" என்று அவர் கேட்க, இவர் எழுந்து வந்து பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. கை கழுவினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கை கழுவினார்.

"மேடத்துக்குக் கொஞ்சம் ஐஸ் வச்சிருக்கலாம்ல" என்றேன்.

அதைக் காதில் வாங்காமல், "அத்தை, நீங்க டவுன்லேருந்து வரும்போது கவுண்டர்ல என்ன கேப்பீங்க?" என்றார்.

"கடைசிக்கு ஒண்ணுன்னு கேப்பேன்."

"நீங்க இறங்குறது இங்கதானே?"

"இங்கதான் இறங்குவேன். ரெண்டுக்கும் ஒரே காசு. அதே காசுக்கு ஒரு ஸ்டேஷன் கூட வருதுன்னா எந்தப் பைத்தியம் கம்மியா வாங்கும்?"

அவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார். முடிவெட்டுகிறவரிடம் கேட்டார், துணி துவைக்கிறவரிடம் கேட்டார், பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கேட்டார். எல்லோரும் 'கடைசி'. டீச்சர் ஒரு படி மேலே போய், தன் அப்பாவும் அப்படித்தான் வாங்குவார் என்று பெருமையாகச் சொன்னார். இங்கே கவுண்டர் கிடையாது, போகும்போது வண்டிக்குள் வருகிற டிக்கெட்காரரிடம்தான் வாங்குவோம். அவரிடமும் கடைசியில் ஏறினதாகத்தான் சொல்வோம். அதுவும் அதே காசு. ரயில் வந்த நாளிலிருந்து ஒரு ஊரே கெட்டிக்காரத்தனமாக, இறங்காத ஸ்டேஷனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் கணக்கில் நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.

"அப்ப, சரியா டிக்கெட் வாங்குன அந்த நாலஞ்சு பேர் யாரு?" என்று முடிவெட்டுகிறவர் கேட்டிருக்கிறார்.

"ஒண்ணு நான்தான்" என்றாராம் மாப்பிள்ளை. "கல்யாணத்துக்கு வந்தப்ப. எனக்கு யாரும் சொல்லித் தரல."

அது உண்மை. இறங்கின அன்றைக்கே, முழுக் காசு கொடுத்து முக்கால் தூரத்துக்கு டிக்கெட் வாங்கிய ஏமாளி மாப்பிள்ளை என்று ஊர் சிரித்தது. அந்த வெட்கத்தில் அவரும் அடுத்த தடவையிலிருந்து கடைசிக்கு வாங்க ஆரம்பித்துவிட்டார்.

மறுபடி மேடத்திடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரித்தார், பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லச் சொன்னார், அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, மூன்று மாதம் காலையிலும் சாயங்காலமும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன், ஆனால் நான் வந்து தலை எண்ண மாட்டேன், டிக்கெட்தான் எனக்குப் பேசும் என்றாராம். மூன்று மாதம் முடிகிறதும், பள்ளிக்கூடம் திறக்கிறதும், குவார்ட்டர்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. மகள் அறையைக் காலி பண்ணவில்லை. எப்படிப் பண்ணுவாள்? தினமும் ரயிலில் வந்தாள், போனாள். கட்டிலும் வாளியும் அங்கேயே இருந்தன. கைப்பையோடு மட்டும் இறங்குகிறவளை மாப்பிள்ளை மேடையில் நின்று பார்ப்பார். பையைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார்.

வண்டி நிற்க ஆரம்பித்துவிட்டது. ஜனம் ஏறியது, இறங்கியது. ஆனால் நாக்கு பழகிப்போயிருந்ததே. கவுண்டரில் போய் நின்றால் 'கடைசி' என்றுதான் வருகிறது. பலகையில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லலாம் என்றால், அது எந்தக் காலத்து ஆபீசர் வைத்த பெயரோ, ரயில் பெட்டி மாதிரி நீளம், எங்களில் ஒருத்தருக்கும் முழுசாக வாயில் நுழையாது. நாங்கள் சொல்கிற மாதிரி வளைவு என்றால் கவுண்டர்காரருக்குப் புரியாது. முதல் மாதம் முடிந்து மாப்பிள்ளை விசாரித்தபோது, நிறுத்தத்துக்கு விற்ற டிக்கெட் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இப்படியே போனால் எடுத்துவிடுவார்கள் என்று டிக்கெட்காரரே சொல்லிவிட்டார்.

வேறு ஆளாக இருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பார். இவர் தட்டுகிற ஆள் இல்லையே. படகுக்காரர் ஐஸ் வாங்க வருவார். இவர் டின்னைத் தூக்கித் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு கேட்பார்.

"உங்க வீட்டம்மா நேத்து டவுன் போயிட்டு வந்தாங்களே, என்ன டிக்கெட் வாங்குனாங்க?"

"ஐஸைக் குடுய்யா, கடல் காத்திருக்குது."

"சொல்லுங்க. கட்டி இன்னும் கழலல."

"கடைசிக்குத்தான் வாங்கியிருப்பா."

"கடைசிக்கு முந்தி ஒண்ணுன்னு கேக்கச் சொல்லுங்க. காசு அதேதான்."

"சரிப்பா."

"ஒருதரம் சொல்லிக் காட்டுங்க."

"கடைசிக்கு முந்தி ஒண்ணு. போதுமா? இப்பக் கழலுமா உன் கட்டி?"

கட்டி கழன்று வரும். தினமும் இதே கூத்து. படகுக்காரர்கள் முதலில் வைதார்கள், அப்புறம் வரும்போதே வாசலிலிருந்து "கடைசிக்கு முந்தி" என்று கத்திக்கொண்டே வந்தார்கள், சீக்கிரம் ஐஸ் கிடைக்கட்டும் என்று. மாப்பிள்ளையைப் பார்த்து வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அதைச் சொன்னார்கள். பிள்ளைகள் அதை வைத்து ஒரு விளையாட்டே கண்டுபிடித்தன. வரிசையில் கடைசிக்கு முந்தி நிற்கிறவன்தான் ராஜா.

நான் மட்டும் மாறவில்லை. ஏன் மாற வேண்டும்? என் காசு, என் டிக்கெட். கண் பரிசோதனைக்கு டவுன் போய்விட்டுத் திரும்பும்போது வழக்கம்போலக் கடைசிக்கு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். மாப்பிள்ளை மேடையில் நின்றார். டிக்கெட்டைக் கேட்டார். கொடுத்தேன். பார்த்தார். அந்த ஒரு தடவைதான் அவர் என்னை எதிர்த்துப் பேசினது.

"அத்தை, கூட ஒரு ஸ்டேஷன் ஓசியா வருதுன்னு வாங்குறீங்க. சரி. அந்த ஸ்டேஷன்லதான் உங்க பொண்ணு போய் இறங்கி, வெயில்ல நடந்து, மீன் வண்டியில வந்தா. இனிமேலும் அங்கதான் இறங்கணுமா, இங்க இறங்கணுமா? நீங்களே சொல்லுங்க."

சத்தம்கூட உயர்த்தவில்லை. டிக்கெட்டை மடித்து என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு முன்னால் நடந்தார். எனக்குப் பதில் இல்லாமல் இல்லை, மேடையில் நாலு பேர் இருந்தார்கள்.

அடுத்த தடவை டவுனில் கவுண்டரில் நின்றபோது, கவுண்டர்காரர் என்னைப் பார்த்ததும், "கடைசிதானே பாட்டி?" என்று பட்டனில் விரலை வைத்தார்.

"யார் சொன்னா? கடைசிக்கு முந்தி ஒண்ணு" என்றேன்.

"அதே காசுதான், தெரியுமில்ல?"

"தெரியும். எனக்குக் கணக்கு சொல்லித் தர வேணாம். டிக்கெட்டைக் குடு."

எனக்குப் பின்னால் நின்றவளும் எங்கள் ஊர்தான். "எனக்கும் பாட்டி சொன்னதே" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அந்தக் கவுண்டர்காரர் பாவம், பெயரைச் சொல்லுங்கள், ஊருக்குப் பெயர் இல்லையா என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, அவரே பழகிவிட்டார். இப்போது யாராவது படித்த பிள்ளை பலகைப் பெயரை முழுசாகச் சொல்லிக் கேட்டால், "ஓ, கடைசிக்கு முந்தியா?" என்று கேட்கிறாராம்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மகள் கொசுவலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அங்கே கொசு இல்லை என்றாள். மாப்பிள்ளை சரி என்று வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து குக்கர் வந்தது. கைப்பிடி ஆடுகிறது, இங்கே சரிபண்ணத்தான் கொண்டுவந்தேன் என்றாள். அதையும் வாங்கிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிள்ளை தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள். எவர்சில்வர் டம்ளர், விளிம்பு நசுங்கினது. எந்த நாளிலிருந்து அது மாறியது என்று நான் கவனிக்கவில்லை. மகள் கவனித்திருப்பாள். நசுங்கின பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக் குடித்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் மேடத்திடமிருந்து மாப்பிள்ளைக்கு போன் வந்தது. ஃபேக்டரியில் மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. வெளியே ஓடி வந்து, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். டிக்கெட் பேசிவிட்டது, இனி அட்டவணையிலேயே உங்கள் நிறுத்தம் இருக்கும் என்றாராம் மேடம். இவர் நன்றி சொல்வதற்குப் பதிலாக, "ஐஸ் வேணும்னா சொல்லுங்க மேடம்" என்றிருக்கிறார். அந்த அம்மா என்ன நினைத்தாரோ.

அன்றைக்குச் சாயங்கால வண்டிக்கு நானும் பேத்தியும் அவரோடு போய் நின்றோம். வண்டி வளைவில் மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. இத்தனை நாள் நின்றும், நிற்கிற வரைக்கும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. மூன்றாவது பெட்டியிலிருந்து முதலில் ஒரு பச்சை வாளி வெளியே வந்தது. அதற்குள் ஒரு தலையணை, ஒரு ஜோடி செருப்பு, சோப்பு டப்பா. அதற்குப் பின்னால் என் மகள்.

மாப்பிள்ளை வாளியை வாங்கினார்.

"அறைச் சாவி?" என்றார்.

"குடுத்துட்டேங்க. குவார்ட்டர்ஸும் வேணாம்னு சொல்லிட்டேன்."

"வீட்ல ரெண்டு வாளி இருக்கே" என்றேன் நான்.

"இருக்கட்டும் அத்தை" என்றார். "இது மூணாவது."

வீடு வரைக்கும் அதை அவர்தான் தூக்கிவந்தார். பேத்தி செருப்பை வாளியிலிருந்து எடுத்து, தன் காலுக்கு மாட்டிப் பார்த்து, படகு மாதிரி இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். அந்த வாளியை இப்போது அவர் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்விட்டார். உடைந்த ஐஸ் துண்டுகளை அதில்தான் அள்ளி, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். காசு கிடையாது. ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், முதல் துண்டு கடைசிக்கு முந்தி நிற்கிற பிள்ளைக்குத்தான்.